கொலைக் கணக்கு எழுதிய கணித நிபுணர்

நதிகளுக்கு அணையும் பாலமும் கட்டும் எஞ்சினீயர்களுக்குக் கும்பெல் என்ற பெயர் புதிதன்று. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளம் எவ்வளவு இருக்கும் என்பதை, கைவசமுள்ள சில பத்தாண்டுகளின் குறிப்புகளைக் கொண்டு மதிப்பிடுவதற்கு அவர் வகுத்த முறை நம் நாட்டுப் பொறியியற் கல்லூரிகளிலும் பாடமாக இருந்து வருகிறது. ஆனால் அதே மனிதர் தம் முப்பதாவது வயதில் வேறொரு கணக்கு எழுதினார் என்பதும், அக்கணக்கு அவரைப் பதவியிலிருந்தும் பிறந்த நாட்டிலிருந்தும் துரத்தியது என்பதும் வெள்ளக் கணக்குப் போடுவோரிற் பலருக்குத் தெரியாது. ஆளுவோருக்கும் கட்சிகளுக்கும் பிடிக்காத எண்ணைச் சொன்னவர்கள் படும் பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சரித்திரம் அதிகம் இல்லை. ஆதலின் அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

எமில் யூலியுஸ் கும்பெல் 1891-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி மூனிச் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். கணிதமும் பொருளாதாரமும் பயின்று, 1914-ல் உலக யுத்தம் மூளுவதற்குச் சற்று முன்னர் டாக்டர் பட்டம் பெற்றார். யுத்தம் தொடங்கியதும் மற்ற வாலிபர்களைப் போலவே தாமாக முன்வந்து பட்டாளத்திற் சேர்ந்தார். அந்த உற்சாகம் ஓராண்டுகூட நிற்கவில்லை. உடல் நலம் குன்றிப் படையிலிருந்து விடுபட்ட அவர், 1915-லேயே யுத்த எதிர்ப்பாளர்களின் சங்கமொன்றிற் சேர்ந்துவிட்டார். பிற்காலத்தில் ஜெர்மன் மனித உரிமைக் கழகமாக மாறியது அச்சங்கமே. 1917-ல் சுயேச்சை சோஷலிஸ்டுக் கட்சியில் அங்கத்தினரானார். அவர் கட்சி சார்ந்தவர் என்பதை நாம் மறைக்கவில்லை. அவரும் ஒருநாளும் மறைத்தவரல்லர்.

1918 நவம்பரில் முடியரசு வீழ்ந்து ஜெர்மனி குடியரசாயிற்று. ஆனால் நீதிபதிகள் மாறவில்லை. இராணுவ அதிகாரிகளும் மாறவில்லை. 1919 ஜனவரி 15-ந் தேதி இரவு கார்ல் லீப்க்னெக்டும் ரோசா லக்ஸம்பர்க்கும் பெர்லினில் படை அதிகாரிகளின் கைப்பட்டு மாண்டனர். பிப்ரவரியில் பவேரியாவின் பிரதம மந்திரி குர்ட் ஐஸ்னர் மூனிச் வீதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மே மாதத்தில் அதே மூனிச்சில் கத்தோலிக்கத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த 21 பேர், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவர்கள், கூட்டத்திற் கூடியிருந்த குற்றத்துக்காகச் சிப்பாய்களாற் கொல்லப்பட்டனர். 1920 மே மாதத்தில், கடற்படை அதிகாரியாக இருந்து சமாதானவாதியாக மாறிய ஹான்ஸ் பாஷே, ஆயுதம் தேடுவதாகச் சொல்லி வந்த படையினராற் சொந்தப் பண்ணையிலேயே சுடப்பட்டார். கும்பெலும் தப்பியது தற்செயலே. 1919-ல் சிப்பாய்கள் அவரைத் தேடி வீட்டுக்குள் புகுந்த சமயம் அவர் ஸ்விட்ஜர்லாந்தில் ஒரு மகாநாட்டுக்குச் சென்றிருந்தார்.

இவற்றையெல்லாம் கண்டவர்கள் பலர் கண்டனக் கூட்டம் போட்டார்கள். சிலர் பழிக்குப் பழி என்றார்கள். கும்பெலோ ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். இறந்தவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி, கொன்றவர் யார், எந்தப் படையைச் சேர்ந்தவர், வழக்கு நடந்ததா, தீர்ப்பு என்ன என்று ஒவ்வொன்றையும் நியாயஸ்தலக் குறிப்புகளிலிருந்தும், சாட்சிகளின் வாக்குமூலங்களிலிருந்தும், வக்கீல்களுக்கும் குடும்பத்தாருக்கும் எழுதிக் கேட்டும் சேகரித்தார். தெருச் சண்டையில் இரு தரப்பும் சுட்டுக்கொண்டதில் இறந்தவர்களை அவர் பட்டியலிற் சேர்க்கவில்லை. ஒருவரைக் குறிவைத்து, சட்டத்துக்குப் புறம்பாக, அரசியல் காரணத்துக்காகக் கொன்றதாக இருந்தால்தான் அது அவர் கணக்கில் ஏறும். சேர்த்திருந்தால் தொகை பன்மடங்கு பெருகியிருக்கும். கட்சிக்காரர்களின் கைதட்டலும் பெருகியிருக்கும். அவர் தொகையைக் குறைத்துக்கொண்டு ஆதாரத்தைப் பெருக்கிக்கொண்டார்.

1921-ல் இரண்டாண்டுக் கொலைகளைப் பற்றிய சிறு நூல் வெளியாயிற்று. 1922-ல் அது நான்காண்டு அரசியல் கொலைகள் என்று விரிந்தது. அதன் சாரம் ஒரே ஒரு அட்டவணையில் அடங்கும். வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. இடதுசாரிகள் செய்தவை 22. முந்தியவற்றில் 326 கொலைகளுக்கு எவ்விதத் தண்டனையும் இல்லை. பிந்தியவற்றிலோ தண்டனையின்றிப் போனவை 4 மட்டுமே. ஒரு கொலைக்குச் சராசரிச் சிறைவாசம், வலதுசாரியானால் நான்கு மாதம்; இடதுசாரியானால் பதினைந்து வருஷம். இடதுசாரிகளில் 10 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. வலதுசாரிகளில் ஒருவருக்கும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரும் விடுதலையான வலதுசாரிகள் 23 பேர். லீப்க்னெக்ட், லக்ஸம்பர்க் வழக்கில் ஈராண்டுச் சொச்சம் தண்டனை பெற்ற அதிகாரி ஒருவர் பொய்ப் பாஸ்போர்ட்டுடன் ஹாலந்துக்கு ஓடிவிட்டார். ஐஸ்னரைக் கொன்றவனுக்கு விதித்த மரண தண்டனை ஆயுட்சிறையாகக் குறைந்து, 1924-ல் அவன் வெளியே வந்துவிட்டான்.

அட்டவணையின் முதல் எண்ணைப் பார்த்துக் கொதிப்பவர்கள் இரண்டாவது எண்ணையும் சற்று நோக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். 22 என்ற அந்தத் தொகையை எழுதியவர் இடதுசாரிக் கட்சியொன்றின் அங்கத்தினர். தம் தரப்பின் கொலைகளை அவர் தற்காப்பு என்றோ புரட்சியின் தவிர்க்கமுடியாத விளைவு என்றோ சொல்லித் தள்ளவில்லை. மற்றதற்கு வைத்த அதே தராசை இதற்கும் வைத்தார். அதே ஆதாரத்தைத் தேடினார். தேசத் தொண்டில் ஈடுபட்ட நம்மில் எத்தனை பேர் இந்தப் பரீட்சையில் தேறுவோம்? எதிர்க்கட்சியின் அக்கிரமங்களுக்கு விரல்விட்டு எண்ணுகிறவன், தன் கட்சியின் முறை வரும்போது கையை மடக்கிக்கொள்வது உலக வழக்கம். கும்பெலின் 354 நிலைத்து நின்றதற்குக் காரணம் அந்த 22 தான் என்பது நமது துணிபு.

நூலின் முதற் பதிப்பு வெளிவந்தபோது இரண்டில் ஒன்று நடக்குமென்று அவர் எதிர்பார்த்தார். சொன்னது மெய்யானால் கொலைகாரர்களைத் தண்டிப்பார்கள். பொய்யானால் அவதூறு பரப்பியதற்காகத் தம்மைத் தண்டிப்பார்கள். இரண்டும் நடக்கவில்லை. ஒரு நீதிபதியாவது, ஒரு தளகர்த்தராவது அந்த எண் பிசகு என்று வழக்குத் தொடுக்க முன்வரவில்லை.

ஆனால் ஒரு மந்திரி முன்வந்தார். அக்காலத்தில் குடியரசின் நீதி மந்திரியாக இருந்த சட்ட அறிஞர் குஸ்டாவ் ராட்ப்ரூக் அந்நூலை அலட்சியம் செய்யவில்லை. அதிற் கண்ட ஒவ்வொரு வழக்கைப் பற்றியும் பிரஷ்யா, பவேரியா, மெக்லன்பர்க் ஆகிய ராஜ்யங்களின் நீதி இலாகாக்களிடம் அறிக்கை கேட்டார். பதில்கள் வந்து சேர்ந்து 1923-ல் ஒரு குறிப்பேடாகத் தொகுக்கப்பட்டன. கும்பெல் சொன்னவை பெரும்பாலும் உண்மை என்பதைச் சர்க்காரின் சொந்தக் காகிதமே ஒப்புக்கொண்டது. பிறகு என்ன நடந்தது? செலவைக் காரணம் காட்டி அதை அச்சிடாமல் விட்டுவிட்டார்கள்! நாணயம் காற்றாய்ப் பறந்த காலம் அது என்பது மெய்தான். எனினும் வேறு காகிதங்கள் அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. கும்பெல் அக்குறிப்பேட்டின் பிரதியைப் பெற்று 1924-ல் தாமே வெளியிட்டார். தம் கணக்கைச் சர்க்கார் சரிபார்த்த விவரத்தைச் சர்க்காருக்குப் பதிலாகத் தாமே பிரசுரிக்க வேண்டியிருந்த புள்ளி விவர நிபுணர் வேறெவரும் உண்டோ, நாமறியோம்.

1923 முதல் அவர் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் புள்ளி விவர சாஸ்திரம் போதித்து வந்தார். மாணவர் செலுத்தும் கட்டணத்தை நம்பி நிற்கும் சாதாரண விரிவுரையாளர் வேலைதான் அது. தேசத் துரோகம் என்று அவர்மீது விசாரணைகள் தொடுக்கப்பட்டன, எதுவும் நிலைக்கவில்லை. எண்ணிக்கையில் அவரைப் பிடிக்க முடியாதவர்கள் வேறு வழி தேடினார்கள். அந்த வழியை அவரே திறந்துவிட்டார் என்று வருத்தத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது.

1924 ஜூலையில், யுத்தம் தொடங்கிய பத்தாவது ஆண்டு நினைவாக ஹைடல்பர்க்கில் நடந்த சமாதானக் கூட்டத்தில் தலைமை வகித்த கும்பெல், மாண்ட போர்வீரர்களுக்காக மௌனம் அனுஷ்டிக்கும்படி வேண்டினார். அப்போது அவர்கள் கௌரவமற்ற களத்தில் மாண்டதாகத் தாம் சொல்ல விரும்பவில்லை என்ற பாவனையில் ஒரு சொல்லை விட்டார். சொல்ல விரும்பாததைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்! மகனை இழந்த தாய்மார்கள் நிறைந்த நாட்டில் அது புண்ணிற் கோல் இட்டதாயிற்று. அவர் பிற்பாடு வருத்தம் தெரிவித்தும் பயனில்லை. சர்வகலாசாலை விசாரணைக் குழு அமைத்தது. அக்குழுவில் இருந்த தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ், போதிக்கும் சுதந்திரம் பெரிது என்று தனித்து நின்றார். 1925-ல் கும்பெல் பதவி தப்பியது. ஆனால் அவருடைய சக ஆசிரியர்கள் அவர் குணத்தைப் பழித்து ஓர் அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார்கள். குறிப்பேட்டுக்குக் கிடைக்காத அச்சு யந்திரம் இதற்குக் கிடைத்தது.

1930-ல் பாடன் ராஜ்யத்தின் கல்வி மந்திரி அவருக்குப் பேராசிரியர் பட்டம் அளித்தார். நாஜி மாணவர்கள் கிளம்பினார்கள். கூட்டமும் ஊர்வலமும் கலவரமுமாகச் சர்வகலாசாலை அல்லோலகல்லோலப்பட்டது. 1931 ஜனவரியில் போலீஸார் புகவேண்டி வந்தது. ஐன்ஸ்டீன் போன்றவர்கள் பகிரங்கமாகக் கும்பெலை ஆதரித்தார்கள். அதையும் மீறி மறுபடி ஒரு சொல் அவரைக் கவிழ்த்தது. 1932 மே மாதத்தில் சோஷலிஸ்டு மாணவர் கூட்டமொன்றில், யுத்தத்துக்கு ஏற்ற நினைவுச் சின்னம் வெற்றிக் குருத்தோலை ஏந்திய கன்னியின் சிலையன்று, ஒரு பெரிய டர்னிப் கிழங்கே என்ற கருத்தை வெளியிட்டார். 1916-17 குளிர்காலத்தில் ஜெர்மன் ஜனங்கள் வேறு உணவின்றி அக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்ததை மறவாதவர்களுக்கு அதில் நிந்தனை எதுவும் தெரிந்திராது. ஆனால் சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அது போதும். 1932 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய போதிக்கும் உரிமை பறிக்கப்பட்டது.

இந்தத் தேதியை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30-ந் தேதி. கும்பெலை வெளியேற்றியது ஹிட்லர் அல்ல. அதற்கு ஐந்து மாதங்களுக்கும் மேலாக முன்னர், குடியரசின் சட்டப்படி, படித்த பேராசிரியர்கள் கையெழுத்திட்டு அக்காரியத்தை முடித்தார்கள். நாஜிகளுக்கு மிஞ்சியது புஸ்தகங்களைக் கொளுத்தும் வேலையும், 1933 ஆகஸ்டில் பிரஜா உரிமையைப் பறித்து வெளியிட்ட 33 பேர் அடங்கிய முதல் ஜாபிதாவில் அவர் பெயரைச் சேர்க்கும் வேலையுந்தான்.

இது வலதுசாரிகளின் குணம் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. கும்பெல் 1925-26ல் சில மாதங்கள் மாஸ்கோவில் மார்க்ஸின் கணிதக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்தார். அதே மாஸ்கோவில் 1937 ஜனவரியில் எடுத்த ஜனத்தொகைக் கணக்கு சுமார் 162 மில்லியன் என்று காட்டியது. தலைவர் எதிர்பார்த்தது அதைவிட மிகுதி. இடையில் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஜாபிதாவில் எப்படி வருவார்கள்? கணக்குச் செல்லாது என்று அறிவித்தார்கள். அதை நடத்திய குவிட்கினும், இலாகாத் தலைவர் கிராவலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹைடல்பர்க்கில் பறித்தது பதவி. மாஸ்கோவில் பறித்தது உயிர்.

வேலை இழந்த கும்பெல் பாரிஸுக்கும், 1934-ல் லியோன் நகருக்கும் சென்று கணிதம் போதித்தார். தம்மைப் போல் ஓடிவந்த அறிஞர்களுக்கு உதவுவதிலும் பொழுதைச் செலவிட்டார். 1940-ல் ஜெர்மன் படை பிரான்ஸுக்குள் நுழைந்ததும் மறுபடி ஓட்டம். ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாக நியூயார்க் சேர்ந்தார். அங்கேயும் நிலையான உத்தியோகம் எளிதிற் கிட்டவில்லை. 1953-ல் தான் கொலம்பியா சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது.

இந்த அலைச்சலின் நடுவேதான் அவர் வெள்ளக் கணக்கை எழுதினார். சாதாரணமாகப் புள்ளி விவர சாஸ்திரம் சராசரியையே பெரிதாக மதிக்கும். ஓரத்தில் நிற்கும் அபூர்வமான எண்ணைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடும். கும்பெல் அந்த ஓரத்தையே எடுத்துக்கொண்டார். ஆண்டுதோறும் வந்த வெள்ளங்களில் மிகப் பெரியதை மட்டும் பொறுக்கி வரிசைப்படுத்தினால், இதுவரை வராத பெருவெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்பதற்கும் ஒரு விதி உண்டு என்று காட்டினார். 1941-ல் வெளியான கட்டுரையில், தாம் வாழ்ந்த லியோன் நகரின் ஊடே ஓடும் ரோன் நதியின் குறிப்புகளையும் மிஸிஸிப்பியின் குறிப்புகளையும் எடுத்து ஆராய்ந்தார். 1958-ல் அத்துறையின் மூல நூலான உச்ச அளவுகளின் புள்ளி விவரம் வெளியாயிற்று. வரமுடியாதது என்று ஜனங்கள் கருதும் வெள்ளமும் ஒருநாள் வந்தே தீரும் என்பதைக் கணிதத்தில் நிறுவியவர், அதைத் தம் வாழ்க்கையில் இருமுறை கண்டிருந்தார்.

யுத்தத்துக்குப் பிறகு ஹைடல்பர்க் சர்வகலாசாலை மீண்டும் திறந்தது. யாஸ்பர்ஸும் ராட்ப்ரூக்கும் தங்கள் ஆசனங்களுக்குத் திரும்பினார்கள். கும்பெலை யாரும் திரும்ப அழைக்கவில்லை. 1966 செப்டம்பர் 10-ந் தேதி அவர் நியூயார்க்கில் காலமானார். அவருடைய அட்டவணையில் ஓர் எண்ணையேனும் பிசகு என்று அதுவரை எந்த நியாயஸ்தலமும் தீர்ப்புச் சொல்லவில்லை.