கடிதம் ஒன்று, கருத்து இரண்டு

ஹலரத் ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் யமனைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மக்காவில் குறைஷிகளை அண்டி வாழ்ந்தார்கள். இரத்த உறவு அங்கே இல்லை. ஹிஜ்ரத் செய்து, ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போரில் பங்கு கொண்டார்கள். எகிப்தின் முகவ்கிஸிடம் நாயகம் (ஸல்) அவர்களின் கடிதத்தைக் கொண்டு சென்றவர்களும் இவர்களே.

ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 630) மக்கா மீது படையெடுக்க இரகசிய ஏற்பாடு நடந்தது. அதை மக்காவாசிகளுக்கு எழுதி, ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்கள் ஹாத்திப். பெருமானார் அனுப்பிய அலீ, ஸுபைர், மிக்தாத் (ரலி) மூவரும் ரவ்ளத்து காக் எனுமிடத்தில் கடிதத்தைக் கைப்பற்றினர்.

சான்று கையிலிருந்தும், பெருமானார் முதலில் காரணத்தையே வினவினார்கள். தாம் மார்க்கம் மாறவில்லையென்றும், மக்காவிலுள்ள குடும்பத்தைக் காக்க உறவினரில்லாததால் குறைஷிகளுக்கு ஓர் உபகாரம் செய்ய நினைத்ததாகவும் ஹாத்திப் கூறினார்கள். அது உண்மையென நாயகம் ஏற்றார்கள். அப்போதும் உமர் (ரலி) அவர்கள், இவர் முனாஃபிக் எனக் கூறித் தலையை வெட்ட அனுமதி கேட்டார்கள். ஹாத்திப் பத்ரில் கலந்தவர் என்பதைப் பெருமானார் நினைவூட்டவே, உமரின் கண்கள் கலங்கின.

செயலோ பிழைதான். அல்மும்தஹினா அத்தியாயத்தின் முதல் வசனம் அதைக் கண்டித்தது. ஆயினும் விசுவாசிகளே என்றுதான் அழைத்தது.

ஹிஜ்ரி 30-ல் மதீனாவில் ஹாத்திப் வபாத்தானார்கள். கலீபா உஸ்மான் (ரலி) ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். அன்று அவசரப்பட்டிருந்தால்? ஒருவரது செயலைக் கண்டதும் அவரது ஈமானுக்கே விலை பேசும் நாம், முதலில் கேட்கப் பழகுவோமாக!