லண்டன் – டார்வின்: பத்தொன்பதரை நாள்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழு நண்பர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பதால், நான் ஆமி ஜான்சனைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வேலை விஷயமாக லண்டனிலிருந்து பெர்த் போனேன். 2018-இல் தொடங்கிய நேரடி விமானம்; சுமார் 14,500 கி.மீ., ஏறக்குறைய 17 மணி நேரம். கால் மரத்துவிட்டது என்று வழியெல்லாம் புலம்பினேன். அப்போதுதான் அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது.

ஆமி 1903-இல் இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில், மீன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஷெஃபீல்டில் எகனாமிக்ஸ் படித்துவிட்டு, லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். 1928-இல் விமானம் ஓட்டக் கற்கப் போனவர் அதோடு நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கிரீஸும் கையுமாக நின்று, 1929-இல் கிரவுண்ட் இன்ஜினியர் லைசென்ஸும் வாங்கினார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அப்பாவும் வேக்ஃபீல்டு பிரபுவும் பணம் கொடுக்க, 600 பவுனுக்கு ஒரு பழைய ஜிப்ஸி மாத் விமானம் வாங்கி, அதற்கு ஜேசன் என்று பெயர் வைத்தார். 1930 மே 5-ஆம் தேதி லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் புறப்பட்டார். வயது 26. அதுவரை அவர் தனியாகப் பறந்த அதிகபட்ச தூரம் லண்டனிலிருந்து சொந்த ஊர் ஹல் வரைதான்!

நாம் இன்ஜினியர்கள் அல்லவா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரம் சுமார் 18,000 கி.மீ. வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. நிற்காமல் பறந்தால் ஐந்தரை நாள்தான். ஆனால் ஆனது பத்தொன்பதரை நாள். மீதி நாளெல்லாம் தரையில். போகிற ஊரிலெல்லாம் பெட்ரோல் நிரப்பி, இன்ஜினைத் தானே சரிபார்க்க வேண்டும். பாக்தாத் போகும் வழியில் மணற்புயல். பாலைவனத்தில் இறங்கி, விமானம் புரண்டுவிடாமல் சக்கரத்துக்குப் பெட்டிகளை முட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். ஆறே நாளில் கராச்சி. பழைய சாதனையைவிட இரண்டு நாள் முந்தி! ஜான்சியில் பெட்ரோல் தீர்ந்து ராணுவ மைதானத்தில் இறங்கினார்.

பர்மாவில்தான் சோதனை. கொட்டும் மழையில் ரங்கூன் ரேஸ் மைதானம் என்று நினைத்து, பக்கத்து ஊரான இன்செயினில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கிவிட்டார். விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இறக்கை, சக்கரம், புரொப்பல்லர் எல்லாம் போச்சு. நல்ல வேளை, அது அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியின் மைதானம்! ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். உடைந்த கட்டைகளைப் புதிதாகச் செய்தார்கள். இறக்கைக்குத் துணி? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் அங்கே யாரோ சட்டை தைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து ஒட்டினார்கள். உபரி புரொப்பல்லர் ஒன்றை ஆமியே விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு மூன்று நாளில் ஜேசன் மறுபடி பறந்தது. சாதனை கைநழுவிவிட்டது, ஹிங்க்ளர் 1928-இல் பதினைந்தரை நாளில் போயிருந்தார். ஆனாலும் மே 24-இல் டார்வினில் இறங்கியபோது, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் ஆமிதான். எனக்கென்னவோ அந்த இன்செயின் பசங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே படுகிறது.

அப்புறம் கேப்டவுன் வரை பறந்தார். திருமணம், விவாகரத்து எல்லாம் நடந்தது. போர்க்காலத்தில், விமானப்படைக்கு விமானங்களைக் கொண்டுசேர்க்கும் வேலையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5. பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம், ஒரு மணி நேரப் பயணம். மோசமான வானிலை. நாலரை மணி நேரம் கழித்து, வழிக்குச் சம்பந்தமே இல்லாத தேம்ஸ் முகத்துவாரத்தில் பாராசூட்டில் இறங்கினார். காப்பாற்ற உறைபனித் தண்ணீரில் குதித்த கப்பல் அதிகாரி வால்டர் ஃபிளெச்சரும் இறந்துபோனார். ஆமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37.

ஜேசன் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல்படிப்புக்கு அந்தப் பக்கம் போகும் தம்பி, தங்கைகள் பார்த்துவிட்டு வாருங்கள். டிக்கெட் கிடையாது.