வில்லியம் பெண்டிங் பிரபு

அதிகாரம் பிறப்பால் வாய்க்கலாம்; அதைக் கையாளும் முதிர்ச்சி பட்டறிவால்தான் வாய்க்கும். வில்லியம் பெண்டிங் பிரபுவின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

இவர் 1774 செப்டம்பர் 14 அன்று ஆங்கிலேய உயர்குடியில் பிறந்தார். தந்தை மூன்றாம் போர்ட்லாந்து கோமகன். இருமுறை பிரித்தானியப் பிரதமராக இருந்தவர். தாய் டோரத்தியின் தந்தையான டெவன்ஷயர் கோமகனும் பிரதமர் பதவி வகித்தவரே. இரண்டாம் மகனாதலின், கோமகன் பட்டம் இவருக்கு உரியதாகவில்லை. படைப்பணியில் சேர்ந்த இவர், 1803இல் கோஸ்ஃபோர்டு பிரபுவின் மகள் மேரியை மணந்தார். அவ்வாண்டிலேயே, 28ஆம் வயதில், சென்னை மாகாண ஆளுநரானார்.

அப்போது சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஜான் கிரடாக். சிப்பாய்கள் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்னும் விதிகள் அவர் காலத்தில் புகுத்தப்பட்டன. தலைப்பாகையில் பொருத்திய தோல்பட்டை இந்துக்களையும் இசுலாமியரையும் ஒருங்கே புண்படுத்தியது. மறுத்தவர்கள் கசையடி பெற்றனர். சிப்பாய்களின் மனநிலையை நேரில் ஆராயாமல், பெண்டிங் தளபதியின் பக்கம் நின்றார்.

1806 சூலை 10 அன்று விடியுமுன் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. திப்பு சுல்தானின் புதல்வர்கள் அங்கேதான் காவலில் இருந்தனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி தலைமையில் விரைந்த குதிரைப்படை அன்றே புரட்சியை ஒடுக்கியது. ஆங்கிலேயர் பலரும் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோரும் மாண்டனர். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1807இல் கும்பெனி இயக்குநர்கள் பெண்டிங்கைத் திரும்ப அழைத்தனர். அவ்வாண்டில் அவருடைய தந்தையே பிரதமராக இருந்தும் அம்முடிவு மாறவில்லை.

பதவியிழந்த பெண்டிங் தம் பெயரை மீட்க நெடுங்காலம் முயன்றார். இருபது ஆண்டுகளுக்குப்பின், 1828இல், தலைமை ஆளுநராகக் கல்கத்தா வந்தார். கணவனின் சிதையில் மனைவியை எரிக்கும் சதி வழக்கத்தை ஒழிக்க விழைந்தார். சமயம் சார்ந்ததாகக் கருதப்பட்ட அவ்வழக்கத்தில் தலையிட்டால் படையில் கலகம் மூளுமோ என்னும் அச்சம் இருந்தது. இம்முறை அவர் அவசரப்படவில்லை. படை அதிகாரிகள் 49 பேரிடம் கருத்துக் கேட்டார். இராசாராம் மோகன்ராயிடமும் கலந்தாய்ந்தார். பின்னரே 1829 டிசம்பர் 4 அன்று தடைச்சட்டம் பிறந்தது. 1830இல் சென்னை மாகாணத்திலும் அத்தகைய சட்டம் வந்தது. சட்டத்தை எதிர்த்த முறையீட்டை இலண்டன் கோமறைமன்றம் 1832இல் தள்ளுபடி செய்தது.

அவர் ஆட்சி குறைகளற்றதன்று. 1835இல் அரசுக் கல்விநிதியை ஆங்கிலக் கல்விக்குத் திருப்பிய முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. எனினும், அவ்வாண்டிலேயே இந்தியச் சிப்பாய்களுக்கான கசையடித் தண்டனையை ஒழித்தார்.

தாயகம் திரும்பியபின் பிரபுக்கள் அவைக்குரிய பட்டத்தை மறுத்து, மக்களவையில் கிளாஸ்கோ நகரின் உறுப்பினரானார். 1839 சூன் 17 அன்று பாரிசில் மறைந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. குடும்பப் பெருமையை ஏற்க வழித்தோன்றலும் இல்லை. ஆயினும், சிதைத்தீயிலிருந்து பெண்களைக் காத்த சட்டம் அவர் பெயரை நிலைக்கச் செய்தது. கேளாமல் இட்ட ஆணையின் விலையை வேலூரும், கேட்டு இயற்றிய சட்டத்தின் பயனைக் கல்கத்தாவும் உணர்த்தி நிற்கின்றன.