கூலி கொடுத்தவனுக்குத் தூரிகையும் சொந்தமா?

பொதுப்பணத்தில் ஓர் ஓவியன் படம் தீட்டுகிறான். தீட்டிய படம் ஆளுகின்றவர்களுக்குக் கசக்கிறது. உடனே எழுகிறது கூச்சல்: கூலியையும் வாங்கிக்கொண்டு, கூலி கொடுத்தவரையே குத்திக் காட்டலாமா என்று! கேட்பவர் ஓரிடத்தில் அமைச்சர், ஓரிடத்தில் நகரசபை உறுப்பினர், வேறோரிடத்தில் குருமார். ஆள் மாறுகிறாரே தவிர, கேள்வி மாறுவதில்லை. அந்தக் கேள்வியோடு முப்பத்தைந்து ஆண்டுக்காலம் மல்லுக்கு நின்றவர் மெக்சிகோ நாட்டு ஓவியர் டியேகோ ரிவேரா. அவருடைய கதையை நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். சுவரில் எழுதுவது நமக்குப் புதிதல்லவே!

வெள்ளிச் சுரங்கங்களால் பெயர் பெற்ற குவானஹுவாட்டோ நகரில் 1886-ல் பிறந்தவர் ரிவேரா. இளமையிலேயே கை வித்தை காட்டிற்று. 1907-ல் வெராக்ரூஸ் மாநில ஆளுநர் கொடுத்த உதவித்தொகையில் ஐரோப்பாவுக்குப் படிக்கச் சென்றார். அந்த ஆளுநர் யார்? சர்வாதிகாரி போர்பிரியோ டயஸின் ஆட்சியில் பதவி வகித்தவர். ஆக, புரட்சி ஓவியருக்கு முதற்கூலி கொடுத்ததே கொடுங்கோலாட்சியின் கருவூலந்தான். 1910 நவம்பர் 20 அன்று, மடெரோ புரட்சிக்கு நாள் குறித்திருந்த அதே நாளில், மெக்சிகோ நகரில் ரிவேராவின் ஓவியக் காட்சியைத் திறந்து வைத்தவர் டயஸின் மனைவியார்! பிறகு நாட்டில் உழவர்கள் துப்பாக்கி ஏந்தி மாண்டுகொண்டிருந்த ஆண்டுகளில் ரிவேரா பாரிசில் இருந்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. மாவீரராகப் பிறந்துதான் ஒருவர் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதில்லை.

1921-ல் அவர் திரும்பி வந்தபோது புரட்சியின் புகை அடங்கியிருந்தது. ஒப்ரெகோன் குடியரசுத் தலைவர். ஹோசே வாஸ்கோன்செலோஸ் கல்வி அமைச்சர். எழுத்தறியாத மக்கள் நிறைந்த நாடு. புத்தகம் எட்டாத கண்ணுக்குச் சுவர் எட்டுமே என்று கருதிய அந்த அமைச்சர், அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். சதுர மீட்டர் கணக்கில் கூலி. கல்வி அமைச்சகத்தின் மூன்று மாடிகளிலும் 1923 முதல் 1928 வரை நூற்றுக்கு மேற்பட்ட சித்திரங்களைத் தீட்டினார் ரிவேரா.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பது நம் கொத்தனார் தோழர்களுக்குச் சொன்னவுடன் விளங்கும். சுண்ணாம்புச் சாந்து பூசி, அது ஈரமாயிருக்கும்போதே சாயம் ஏற்ற வேண்டும். காய்ந்துவிட்டால் சாயம் பிடிக்காது; தப்பாகப் போனால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டும். கொத்தனார் பூசி முடித்ததும் ஓவியர் சாரத்தில் ஏறுவார். சாந்து காயுமுன் இறங்க முடியாது. மாளிகைக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டுகிற கலையல்ல. சாரத்தின்மேல் வியர்வை சிந்துகிற தொழில்.

முதல் மோதல் அங்கேயே வந்தது. சுரங்கத் தொழிலாளிகளைத் தீட்டிய இடத்தில், வெட்டியெடுத்த உலோகத்தைக் கத்தியாக்கிக்கொள்ளும்படி தூண்டும் கவிதை வரிகளை ரிவேரா பொறித்துவிட்டார். அமைச்சர் திகைத்தார். எடுத்துவிடச் சொன்னார். ரிவேரா எடுத்துவிட்டார். ஆனால் அந்த வரிகளை எழுதிய தாளைப் புட்டியில் அடைத்துச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிவிட்டார் என்பது வரலாறு. வாஸ்கோன்செலோஸ் அற்ப மனிதரல்லர். அவரில்லாமல் அந்தச் சுவர்களே இல்லை. அத்தகையவருக்கே, தாம் கொடுத்த சுவர் பேசத் தொடங்கியதும் கை நடுங்கிற்று! 1924-ல் மாணவர்கள் திரண்டு வந்து, தேசிய ஆயத்தப் பள்ளியில் ஓரோஸ்கோவும் சிகெய்ரோசும் தீட்டியிருந்த சித்திரங்களைச் சிதைத்தார்கள். அவ்விருவரின் வேலையும் நின்றது. ரிவேராவின் வேலை மட்டும் புதிய அமைச்சரின் கீழும் தொடர்ந்தது. ஆளுகின்றவர்களோடு ஒட்டிப் போகவும் அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். கல்வி அமைச்சகச் சுவரில் ஜீன் ஷார்லோ என்ற தோழமை ஓவியர் தீட்டியிருந்த சித்திரம் ஒன்றைக் கொத்தி எடுக்கச் செய்து, அவ்விடத்தில் தம் படத்தைத் தீட்டினார் ரிவேரா. பின்னாளில் தம் படம் உடைபட்டபோது உலகமே கேட்கும்படி முழங்கியவர், இந்த உளிச்சத்தத்தையும் நினைத்திருக்க வேண்டும்.

1922-ல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்த ரிவேராவை 1929-ல் கட்சி வெளியேற்றியது. அரசாங்க வேலைகளை ஏற்கிறார் என்பதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. அரசாங்கத்துக்கோ, அவர் கட்சிக்காரர் என்பது உறுத்தல். இரு பக்கமும் இடி! கட்சிக்காரர்களாகிய நாம் இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். எதிரியின் கையில் உளி இருந்தால் அதை அடக்குமுறை என்கிறோம். நம் கையில் இருக்கும்போது கட்டுப்பாடு என்று பெயர் சூட்டிக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும்.

கட்சி விலக்கினாலும் சுவர்கள் விலக்கவில்லை. 1929-ல் தேசிய அரண்மனைப் படிக்கட்டுச் சுவரில் நாட்டின் வரலாற்றைத் தீட்டத் தொடங்கினார், 1935-ல் முடித்தார். ஆட்சியாளர் அமரும் அரண்மனை அது. அங்கே உச்சியில் காரல் மார்க்ஸ் நிற்கிறார். கீழே, அன்று நாட்டையே ஆட்டிப்படைத்த முன்னாள் தலைவர் காயேஸ், படைத்தலைவனும் பாதிரியும் பக்கத்திலிருக்கக் காட்சி தருகிறார். அரசாங்கக் கூலியில், அரசாங்கச் சுவரில்! அந்தச் சுவர் அப்படியே நின்றது. காயேஸ்தான் மறு ஆண்டு நாடு கடத்தப்பட்டார்.

இடையில் அமெரிக்கா அழைத்தது. 1932 மார்ச் 7 அன்று டெட்ராயிட் அருகே போர்டு ஆலையை நோக்கி வேலையற்ற தொழிலாளிகள் ஊர்வலம் போனார்கள். துப்பாக்கி பேசிற்று, நால்வர் அன்றே மாண்டனர். அடுத்த திங்களே அந்நகருக்கு வந்தார் ரிவேரா. நகரத்துக்குச் சொந்தமான கலைக்கூடத்தில் 27 சித்திரங்கள்; செலவு 20,889 டாலர்; கொடுத்தவர் போர்டு கம்பெனித் தலைவர் எட்சல் போர்டு. இயந்திரங்களையும் அவற்றோடு முட்டி மோதும் தொழிலாளரையும் அதுபோல் தீட்டியவர் வேறு யாருமில்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்த நால்வரின் குருதி அச்சுவரில் இல்லை. நமக்கு அது குறைதான். அதுவே போதாதென்று நகரத்துப் பெரியவர்கள் வேறு காரணத்துக்காகக் கொதித்தார்கள். குழந்தைக்கு அம்மை குத்தும் காட்சி, குழந்தை ஏசுவின் படத்தைக் கேலி செய்கிறதாம்! வெள்ளையடித்து மறைக்கச் சொல்லி ஏடுகள் எழுதின. எட்சல் போர்டு அசையவில்லை. மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து பார்த்தார்கள். 1950-களில் பொதுவுடைமைப் பூச்சாண்டி காட்டிய காலத்திலும் அந்தக் கூச்சல் மீண்டும் எழுந்தது. ஓவியரின் அரசியல் வெறுக்கத்தக்கது, ஓவியம் நல்லது என்ற பொருளில் அறிவிப்புப் பலகை வைத்துக் கலைக்கூடம் தப்பித்துக்கொண்டது. 2013-ல் டெட்ராயிட் நகரமே திவாலாயிற்று. கடன்காரர்கள் கலைக்கூடத்துப் பொருள்களை விற்கச் சொன்னார்கள். இன்னொரு பக்கம் நகரத் தொழிலாளரின் ஓய்வூதியம் தவித்தது. வயிறா கலையா என்று இரண்டையும் மோதவிடும் வேலை மும்முரமாக நடந்தது. அறநிலையங்களும் மாநில அரசும் பணம் போட்டு 2014-ல் ஓர் உடன்பாடு கண்டன. ஓய்வூதியம் சிறிது வெட்டுண்டது, கலைக்கூடம் பிழைத்தது.

நியூயார்க்கில் நடந்ததோ வேறு. ராக்பெல்லர் கட்டிய மாளிகையில் 21,000 டாலருக்கு ஒரு சித்திரம் ஒப்பந்தம். அதிலே லெனின் முகம் தோன்றியது. நெல்சன் ராக்பெல்லர் முகத்தை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினார். லிங்கனையும் சேர்த்துவிடுகிறேன், லெனினை எடுக்கமாட்டேன் என்றார் ரிவேரா. 1933 மே 9 அன்று முழுக்கூலியையும் கையில் கொடுத்துச் சாரத்திலிருந்து இறக்கினார்கள். 1934 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு சித்திரத்தைச் சுக்குநூறாக்கினார்கள். தனியார் சுவர், கேட்க நாதியில்லை.

வியப்பு என்னவென்றால், அதே மே 9 அன்றுதான் ஜார்ஜ் பிடில் என்ற ஓவியர் தம் பள்ளித் தோழரான குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். மெக்சிகோ அரசு ஓவியர்களுக்குக் குழாய் வேலைக்காரரின் கூலி கொடுத்து நாட்டின் சுவர்களைத் தீட்டச் செய்ததே, நாமும் செய்தாலென்ன என்று கேட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே திட்டம் பிறந்தது; ஏறத்தாழ 3,700 ஓவியர்களுக்கு வேலை கிடைத்தது. கூலியோடு கூச்சலும் வந்தது. சான்பிரான்சிஸ்கோவின் காய்ட் கோபுரத்தில் 1934-ல் அரிவாள் சுத்தியல் சின்னம் அழிக்கப்பட்டது. 1939-ல் அரசு நாடகத் திட்டத்தையே காங்கிரஸ் சபை இழுத்து மூடியது.

உடைபட்ட சித்திரத்தை ரிவேரா விடவில்லை. மெக்சிகோ அரசு 1934-ல் நுண்கலை மாளிகையில் சுவர் கொடுத்தது. அதே படத்தை மீண்டும் தீட்டினார். லெனின் வந்தார். கூடவே மதுவிருந்தில் மூத்த ராக்பெல்லரும் வந்து சேர்ந்தார். மெக்சிகோ குடிமகனின் வரிப்பணத்தில் சொந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று சொன்னால் மறுக்க மாட்டோம். ஆனாலும் அரசாங்கம் அழிக்கச் சொல்லவில்லை.

ஆனால் அதே அரசாங்கம் 1952-ல் மாறிப்போயிற்று. பாரிசில் நடக்கவிருந்த மெக்சிகோ கலைக்காட்சிக்காக நுண்கலை நிறுவனம் ஒரு பெரும்படம் கேட்டது. ரிவேரா ஸ்டாலினையும் மாவோவையும் அமைதிக் கோரிக்கைத் தாளோடு தீட்டினார். நட்பு நாடுகளின் மனம் நோகும் என்று நிறுவனம் மறுத்தது. படத்தை மாளிகையிலிருந்து அகற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தது. ஸ்டாலினுக்கு நாம் ஆலவட்டம் பிடிக்கவில்லை. அந்த ஆட்சியில் எத்தனை ஓவியர்களின் வாய் அடைக்கப்பட்டதென்பதும் நாமறிந்ததே. ஆனால் அதைச் சொல்ல, படத்தை மக்கள் பார்த்திருக்க வேண்டாமா?

கடைசி வேதனை ஒரு தங்கும் விடுதிச் சுவரில். 1947-ல் டெல் பிராடோ விடுதியில், கடவுள் இல்லையென்று சொன்ன பழைய அறிஞர் ஒருவரை அச்சொற்களோடு தீட்டினார். பேராயர் கட்டடத்தை ஆசீர்வதிக்க மறுத்தார். மாணவர்கள் சுவரைச் சுரண்டினார்கள். எட்டாண்டு திரைக்குப் பின் கிடந்தது சித்திரம். 1956-ல் புற்றுநோயால் நலிந்திருந்த கிழவர் தாமே சாரமேறி அச்சொற்களை அழித்தார். முப்பதாண்டு அமைச்சர்களால் முடியாததைக் களைப்பு செய்து முடித்தது.

1957 நவம்பர் 24 அன்று ரிவேரா மறைந்தார். மூன்றாண்டுக்கு முன் தான் கட்சி அவரைத் திரும்பச் சேர்த்திருந்தது. தம் சாம்பலை மனைவி பிரீடா காலோவின் சாம்பலோடு கலக்க வேண்டுமென்று கேட்டிருந்தார். அது நிறைவேறவில்லை; நாட்டின் புகழ்பெற்றோர் துயிலும் வட்ட மண்டபத்தில் அரசு மரியாதையோடு புதைத்தார்கள். 1952-ல் மறுக்கப்பட்ட அந்தப் பெரும்படம் பின்னர் சீனாவுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை.