அதோனிராம் ஜட்சன்

அதோனிராம் ஜட்சன் (ஆகஸ்ட் 9, 1788 - ஏப்ரல் 12, 1850) பர்மாவில் (இன்றைய மியான்மர்) பணியாற்றிய அமெரிக்கக் கிறித்தவ மறைப்பணியாளர் ஆவார். விவிலியம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்தவர்.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் நகரில் பிறந்த இவர், மனைவி ஆனுடன் 1813 ஜூலையில் ரங்கூன் சென்றடைந்தார். 1819 இல்தான் பர்மியர் ஒருவர் முதன்முதலாக இவரிடம் திருமுழுக்குப் பெற்றார். அதற்குள் கைக்குழந்தை ரோஜரை இருவரும் பறிகொடுத்திருந்தனர்.

சிறைவாசம்

1824 இல் முதலாம் ஆங்கிலேய-பர்மியப் போர் மூண்டதும், ஜட்சன் ஒற்றர் என ஐயுறப்பட்டுத் தலைநகர் ஆவாவில் சிறையிடப்பட்டார். அமெரிக்கர் என்பது உதவவில்லை. இரவில் கைதிகளின் விலங்கிட்ட கால்களை மூங்கில் கழியில் கோத்து உயர்த்திவிடுவர். தலையும் தோளும் மட்டுமே தரையில் படும். ஆன் உணவு கொண்டுவந்ததோடு, அதிகாரிகளிடம் ஓயாமல் மன்றாடினார். மண்ணில் புதைத்திருந்த புதிய ஏற்பாட்டுக் கைப்படி ஈரத்தில் கெடாதிருக்க, அதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவரிடம் சேர்ப்பித்தார். கைதிகளின் உடைமைகள் பறிக்கப்பட்டபோது அதுவும் வீசியெறியப்பட்டது. பர்மியக் கிறித்தவரான மவுங் இங், உள்ளிருப்பதை அறியாமலே அப்பொதியை எடுத்துக் காத்தார்.

பிற்காலம்

விடுதலைக்குப் பின், 1826 அக்டோபரில் ஆன் இறந்தார். ஆறு மாதங்களில் குழந்தை மரியாவும் இறந்தது. ஜட்சனின் விசுவாசம் சற்றும் அசையவில்லை என்று கூறுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. காட்டுக் குடிசையில் தனித்திருந்தார். தமக்கென ஒரு புதைகுழி தோண்டி, அதனருகே அமர்ந்திருந்தார். கடவுளை நம்புவதாகவும், ஆயினும் கண்டடைய இயலவில்லை என்றும் எழுதினார். பின்னர் மெல்லத் தேறிப் பணிக்குத் திரும்பி, ஜனவரி 31, 1834 அன்று மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார். திருத்திய பதிப்பு 1840 இல் வெளிவந்தது. இரண்டாம் மனைவி சாராவும் 1845 இல் இறந்தார்.

1850 இல் நோயுற்ற ஜட்சன் கடற்பயணத்தின்போது வங்காள விரிகுடாவில் இறந்தார். உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது.