அரசர்க்கு ஆறுதல் எழுதிய அகதி

பலெர்மோ நகரின் ஸ்தாசியோனே சென்ட்ராலே 1886 இல் திறக்கப்பட்ட புகையிரத நிலையம். எம்மவர் பலருக்கு இந்நகரின் முதல் வாசல் அதுவே. அதன் முன்றலிலிருந்து கடற்பக்கமாகச் சிறிது தூரம் நடந்தால் கல்சா என்னும் பகுதி வரும். அல் காலிஸா என்ற அரபுப் பெயரின் திரிபு அது. அராபியர் 831 இல் கைப்பற்றிய பலெர்மோ 1072 இல் நோர்மானியர் வசமாயிற்று. அம்மாற்றத்தின் பின் இத்தீவிற் பிறந்து, ஊர் ஊராக அலைந்து மறைந்த ஓர் அறிஞரை இன்று நினைவுகூர விரும்புகின்றோம். அவர் பெயர் இப்னு ஸஃபர். அரபு உலகம் அவரைச் சிசிலியர் என்றே அழைத்தது.

அவர் 1104 அளவிற் பிறந்தார். மக்காவில் வளர்ந்தார் என்பர். வட ஆபிரிக்காவின் மஹ்தியா நகரிற் சிலகாலம் வாழ்ந்தார். 1148 இல் அந்நகரும் நோர்மானியரிடம் வீழ்ந்தது. எகிப்து சென்றார், பின் சிரியாவின் அலெப்போ நகரை அடைந்தார். அங்கே சுன்னி, ஷியா பிரிவினரிடையே மூண்ட கலகத்தில் அவருடைய நூல்கள் பறிபோயின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட எமக்கு அந்த இழப்பை விளக்கவேண்டியதில்லை.

அவர் எழுதிய நூல்களுட் புகழ்பெற்றது சுல்வான் அல் முதா. குடிமக்களின் பகையைச் சந்தித்த ஆட்சியாளனுக்கு ஆறுதலும் அறிவுரையும் கூறுவது அது. கலகத்தால் அல்லலுற்ற, பெயர் குறிக்கப்படாத ஓர் அரசனுக்கென முதலில் எழுதினார். பின்னர் 1159 இல் அதனைத் திருத்தி, சிசிலிய முஸ்லிம்களின் தலைவர் ஒருவருக்குக் காணிக்கையாக்கினார். இறைவனிடம் ஒப்படைத்தல், மனத்தைத் தேற்றிக்கொள்ளல், பொறுமை, உள்ளதில் அமைதல், துறவு என ஐந்து பகுதிகள் உடையது. வேற்றுநாட்டிற் சிறைப்பட்ட பாரசீக மன்னன் ஷாப்பூரின் கதையும் விலங்குக் கதைகளும் அதில் வருகின்றன. எமது பஞ்சதந்திரம் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் அரபு வடிவம் பெற்றது. அந்த வழியில் வந்ததே இக்கதை மரபும்.

இந்நூலை மாக்கியவெல்லி 1513 இல் எழுதிய இளவரசன் என்னும் நூலோடு ஒப்பிடுவோர் உளர். எமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அரசன் மக்களை இழக்கக்கூடும் என்பதை இப்னு ஸஃபர் வெளிப்படையாக ஏற்றுக்கொள்கின்றார். அந்நிலையில் அவன் முதலிற் சீர்செய்ய வேண்டியது தன் மனத்தையே என்கின்றார். இக்கால அரசுகளோ மக்களின் வெறுப்பைச் சட்டத்தாலும் படையாலும் அடக்க முனைகின்றன. இலங்கையில் 1979 இல் தற்காலிகமானதெனக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டதை நாம் அறிவோம். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய இவ்வறிவுரை அங்கே எவர் செவியிலும் ஏறவில்லை.

அரசர்க்கு ஆறுதல் சொன்னவருக்கு அரசர் எவரும் வாழ்வளிக்கவில்லை. இறுதிக்காலத்தை அவர் சிரியாவின் ஹமா நகரில் வறுமையிற் கழித்தார். வறுமையால் தன் மகளைத் தகுதியற்ற ஒருவனுக்கு மணஞ்செய்து கொடுக்க, அவன் அவளை அயல்நாடு கொண்டுசென்று விற்றுவிட்டான் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறித்துள்ளார். 1170 அளவில் இப்னு ஸஃபர் ஹமாவிலேயே காலமானார். புலமை மட்டும் ஓர் அகதிக் குடும்பத்தைக் காக்காது. புகலிடம் தந்த நாட்டின் சட்டமும் அயலவரின் துணையும் அதற்கு வேண்டும். கல்வியுள்ள எம்மவரும் இதனை மறத்தலாகாது.

நூல் மட்டும் தாய்மண் திரும்பியது. பலெர்மோவில் 1806 இற் பிறந்த மிக்கேலே அமாரி, சிசிலிய எழுச்சி பற்றி எழுதியமைக்காக 1842 இல் பாரிஸுக்குத் தப்பியோட நேர்ந்தது. அங்கே அவர் அரபு பயின்றார். அவர் செய்த இத்தாலிய மொழிபெயர்ப்பு 1851 இல் புளோரன்சில் வெளியாயிற்று. நாடிழந்த ஒருவர் எழுதியதை, ஏழு நூற்றாண்டுகள் கழித்து, நாடிழந்த இன்னொருவரே மீட்டுக் கொடுத்தார். எம்மவர் இங்கு எழுதி வைப்பவையும் ஒருநாள் எவர்க்கேனும் பயன்படும் என்று நம்புவோமாக.