வள்ளல் பச்சையப்பர்

தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பச்சையப்பன் கல்லூரியின் பெயரைக் கேளாதார் இரார். அப்பெயருக்கு உரியவரின் வரலாற்றை அறிந்தாரோ சிலரே. ஆதலின் ஆண்டு விழா மலரில் அதனைச் சுருங்க உரைக்க முற்பட்டோம்.

பச்சையப்ப முதலியார் 1754ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார் மகன் முகம் காணுமுன்னரே காலமாயினார். கைம்பெண்ணாகிய தாயார் பெரியபாளையத்தில் அடைக்கலம் புகுந்து மகவை ஈன்றெடுத்தார். பின்னர்ச் சென்னையில் பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷி அச்சிறுவனை ஆதரித்து, எழுத்தும் கணக்கும் வணிகமும் பயிற்றுவித்தார். பிறர் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பிள்ளை, தாமும் துபாஷியாகிக் கும்பினியார் காலத்துக் குத்தகைகளாலும், தஞ்சை அரசுடன் கொண்ட கொடுக்கல் வாங்கலாலும் பெரும்பொருள் ஈட்டினார். அந்நாளில் கூவம் நீராடுதற்குரிய ஆறாக இருந்தது. அதில் மூழ்கிக் கோமளீசுவரன்பேட்டைக் கோயிலில் வழிபடுவது அவர் வழக்கம் என்பர். இன்று இதனைச் சொன்னால் நம் பிள்ளைகள் நகைப்பர்!

நோய் முற்றிய நிலையில், 1794 மார்ச் 22ஆம் நாள் கும்பகோணத்தில் தம் உயிலை எழுதினார். ஒன்பதே நாட்களில் திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்போது வயது நாற்பதே. பொருளைக் கோயில் பணிகளுக்கும் அறங்களுக்கும் என்று ஒதுக்கியிருந்தார்.

ஆயின் எழுதி வைத்ததனால் மட்டும் அறம் நடந்துவிடவில்லை. உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் நிறைவேற்றவில்லை. வழக்கு தலைமுறை கடந்து நீண்டது. சென்னை சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பின்னரே பொருள் மீண்டது. இடையில் வட்டி சேர்ந்து அது பல லட்சம் ரூபாயாகப் பெருகியிருந்தது. கோயில் அறங்களுக்கு உரியதை ஒதுக்கியபின் எஞ்சியதைக் கல்விக்கு ஆக்கினர். அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சி இதில் பெரிது. தர்மகர்த்தர்கள் பொறுப்பேற்றனர்; முதலைக் காத்து வருவாயைக் கொண்டு நடத்துவது முறையாயிற்று. வள்ளல் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டு சென்று, 1842இல் பள்ளி தோன்றியது. 1889இல் அது கல்லூரியாயிற்று. 1940இல் சேத்துப்பட்டுக்குக் குடிபெயர்ந்தது. கணித மேதை இராமானுசன் சிறிது காலம் பயின்றதும், அறிஞர் அண்ணா பட்டம் பெற்றதும் அங்கேதான். காஞ்சியிலும் பிற ஊர்களிலும் அவ்வறக்கட்டளையின் கல்லூரிகள் பின்னர் எழுந்தன.

ஒரு குறையையும் மறைக்க மாட்டோம். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு அக்கல்லூரியின் கதவு 1920களின் இறுதியில்தான் திறந்தது. வட ஆற்காட்டிலிருந்து இச்சுரங்கத்திற்கு வந்த நம் பாட்டன்மாரில் பலர் அக்கதவுக்கு வெளியே நின்றவர்களே. கோயிலுக்கென எழுதிய பொருள் கல்விக்கும் பயன்பட்டதுபோல, சிலருக்கென நின்ற கல்வி பிற்காலத்தார் முயற்சியால் எல்லார்க்கும் ஆயிற்று.

2001இல் சுரங்கம் மூடியபின் நம் காலனிப் பிள்ளைகள் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். ஆண்டு விழாவில் திரட்டும் நன்கொடையை அவ்வாண்டிலேயே பந்தலுக்கும் பரிசுக்கும் செலவிட்டுவிடுகிறோம். அதில் ஒரு பகுதியை வங்கியில் முதலாக வைத்து, வட்டியை மட்டும் பள்ளிக் கட்டணத்திற்கு வழங்கலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்க எண்ணியுள்ளோம். கணக்கை ஆண்டுதோறும் இம்மலரிலேயே வெளியிடலாம்.